இறால் ஷெட்டில் வாசிப்பவள்

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரமா அக்காவுக்கு,

ஜெய்பீம். இங்கே அம்மா, நைனா, நான் மூவரும் நலம். அம்மாவுக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. நைனாவுக்குப் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் வேலையை இன்னும் கொஞ்ச காலம் நீட்டித்திருக்கிறார்கள். நீ அனுப்பிய சால்வையை அம்மா போர்த்திக்கொள்வதில்லை. மடித்து பீரோவில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறாள்.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் "ம்" என்றேன். ஓசூரில் உன் ஹாஸ்டல் அறையில் பக்கத்துக் கட்டில் காலியாகிறது, எனக்குப் பதினெட்டு முடிந்ததும் உன் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்த்துவிடலாம், வார்டனிடம் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாய். அந்த "ம்" சம்மதம் இல்லை. போனில் எனக்கு வருவது அது ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன். வார்டனிடம் போவதற்கு முன் இதை முழுதும் படித்துவிடு.

நான் காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறேன் என்றுதான் உனக்குத் தெரியும். அங்கே நான் உரிப்பது குறைவு. வாசிப்பதுதான் அதிகம். வியாழக்கிழமைதோறும் ஒரு அறக்கட்டளையின் புத்தக வண்டி ஷெட் வாசலுக்கு வரும். அதை ஓட்டுகிறவரும் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவரும் பஷீர் பாய்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு கதையை வாயசைத்துப் படித்துக்கொண்டிருந்ததை அஜீசுன்னிசா அக்கா பார்த்துவிட்டார். "இன்னாடி, நீ மட்டும் துன்னுகினு கீறே? எங்களுக்கும் கொஞ்சம் ஊட்டு" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

வாசிக்கிறவள் உரிக்க முடியாது. ஈரக் கையால் புத்தகத்தைத் தொடவும் கூடாது. அதனால் ஷெட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. நான் கவிழ்த்த மீன் கிரேட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். என் அன்னக்கூடை நடுவில் இருக்கும். ஒவ்வொருவரும் தாங்கள் உரித்ததில் அவ்வப்போது ஒரு கை அள்ளி அதில் போடுவார்கள். சாயங்காலம் எடை போடும்போது என் கூடையும் மற்றவர்கள் கூடை அளவுக்கு நிறைந்திருக்கும். கதை சுவாரசியமான இடத்தில் இருந்தால் போட மறந்துவிடுவார்கள். பிறகு ஞானபாக்கியம் அக்கா, "வேம்பு கூட காலியா கீது, பார்த்துகினு சும்மா கீறீங்களே" என்று சத்தம் போடுவார்.

நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஷெட்டில் வருகிறது. அங்கே யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லார் கண்ணும் இறாலில் இருக்கும். காது மட்டும்தான் என் பக்கம்.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் வண்டியை நிறுத்திவிட்டார்கள். வண்டி பழையது, டீசலுக்கும் ரிப்பேருக்கும் கட்டுப்படியாகவில்லை, இனி எல்லாப் புத்தகமும் மின்னூலாக போனிலேயே வரும் என்று பஷீர் பாய் சொன்னார். எல்லாருடைய போனிலும் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார். ஷெட்டுக்கென்று ஒரு டேப்லெட்டும் தந்தார். அதில் நான் ஒரு நாவல் வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு லாட்ஜை நடத்தும் நாத்தனாரும் அண்ணியும் சொத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிற கதை. ஷெட் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அஜீசா அக்கா நாத்தனார் கட்சி. ஞானபாக்கியம் அக்கா அண்ணி கட்சி. தீர்ப்பு கடைசி அத்தியாயத்தில் என்பதால் இருவரும் ஒருவர் டிபனை ஒருவர் தொடாமல் இருந்தார்கள்.

வண்டி வந்த காலத்தில் பஷீர் பாயின் நோட்டில் எத்தனை கையெழுத்து விழுகிறதோ அதை வைத்துத்தான் அந்த இடத்துக்கு வண்டி தொடர்ந்து வரும். அதனால் நான் ஒருத்தி புத்தகம் எடுத்தாலும் ஷெட்டே வரிசையில் நின்று கையெழுத்துப் போடும். எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பார்கள். ஆப்பிலும் அப்படித்தான் என்று எங்கள் மேஸ்திரி பொன்னுரங்கம் நினைத்துவிட்டார். "எல்லாரும் ஆளுக்கு ஒரு தபா அமுக்குங்க. அப்பத்தான் நம்ம ஷெட்டு பேரு மேல போவும், வண்டியும் திரும்பி வரும்" என்றார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்கலாம் என்பதால் முதலில் நான் டேப்லெட்டிலிருந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு ஒவ்வொருவரும் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனில் எடுத்தார், உடனே திருப்பிக் கொடுத்தார். தண்ணீரிலும் ஐஸிலும் ஊறின விரலைப் போன் ஏற்றுக்கொள்ளாததால் சிலர் மூக்கு நுனியால் அமுக்கினார்கள். அன்றைக்கு நல்ல சிரிப்பு. பக்கத்து ஷெட்டிலிருந்தும் கூட்டி வந்தார்கள்.

கடைசியில் நான் எடுக்கப் போனபோது நூல் இல்லை என்று வந்தது. தீர்ப்புக்கு ஒரு அத்தியாயம் பாக்கி.

மறுவாரம் அறக்கட்டளையிலிருந்து மகிழினி மேடம் போட்டோ எடுக்க ஆளோடு வந்தார். எல்லா ஊர்களையும் விட எங்கள் ஷெட்டில்தான் அதிகம் படிக்கிறார்கள் என்று கணக்கு வந்ததாம். நடந்ததைக் கேட்டதும் போட்டோக்காரரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார். தாள் புத்தகம் பல கை பட்டால் கிழியும், நூலகம் திரும்ப வாங்கும். மின்னூல் கிழியாது. அதனால் பதிப்பகத்தார் இத்தனை தடவை இரவல் போனால் உரிமை முடிந்தது, மறுபடி வாங்கு என்று விற்கிறார்கள். விலையும் தாள் புத்தகத்தைப் போலப் பல மடங்கு. அந்தத் தடவைகளை நாங்கள் ஒரே சாயங்காலத்தில் தீர்த்துவிட்டோம். அந்த நூல் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் சேர்த்து வாங்கினது.

"கிழியாத பொஸ்தகத்துக்கு கிழிஞ்ச கணக்கு போடறாங்களா? இது இன்னா நாயம்?" என்று அஜீசா அக்கா கேட்டார். மேடம் அதற்கும் பதில் சொன்னார். அந்த நாவலைப் போட்டவர் இரண்டே அறையில் பதிப்பகம் நடத்துகிறாராம். ஒரு பிரதியை எல்லாருக்கும் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவரும் எழுதினவரும் எதைச் சாப்பிடுவது என்றார். எனக்கு இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. எண்ணூரில் யாராவது அந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்திருப்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் ஒன்று கேட்டேன் அக்கா. தாள் புத்தகம் ஒன்று வாங்கி ஒருத்தி வாசித்தால் எத்தனை பேர் கேட்கலாம் என்று கேட்டேன். கேட்கும்போது பக்கத்துக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்குக் கணக்கு இல்லை என்றார் மேடம். "அப்போ தாளாவே குடு கண்ணு, இந்தப் பேஜாரே வாணாம்" என்றார் ஞானபாக்கியம் அக்கா.

வண்டி திரும்ப வராது. அது முடிந்துபோன விஷயம் என்று மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் ஷெட்டில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றித் தரலாமாம். வேறு ஓர் இடத்தில் பொறுப்பாக யாரும் இல்லாமல் வைத்து, மழையில் ஊறி, எல்லாம் வீணாகிவிட்டது. அதனால் ஒரு வருஷம் எங்கேயும் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் வேண்டும், இந்த மாதக் கடைசிக்குள் பெயர் சொல்லுங்கள், இல்லையென்றால் பெட்டி திருவொற்றியூருக்குப் போய்விடும் என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இறாலை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "ஒசூரு அக்காவா? அவ இட்டுகினு போய்டுவாடி உன்ன. அப்புறம் எங்களுக்கு மேஸ்திரிதான் கத படிப்பாரு" என்றார் அஜீசா அக்கா. பொன்னுரங்கம் மேஸ்திரிக்குத் தராசு முள்ளைத் தவிர வேறு எதையும் படிக்க வராது. அவரே முதலில் சிரித்தார்.

ஓசூர் வேலை நல்ல வேலை என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்து செய்யலாம், பி.எஃப். உண்டு, கம்பெனி பஸ் வரும். இங்கே இறால் கொம்பு குத்தி எல்லார் விரலும் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. நான் வாசிப்பதால் என் விரல் கொஞ்சம் தப்பித்திருக்கிறது. இதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் கேட்டேன். "உங்க அக்கா தனியா கீறா" என்றாள். நைனா, வேம்பு இஷ்டம் என்றார்.

அக்கா, வார்டனிடம் என் பெயரைக் கொடுத்துவிடாதே. கொடுத்துவிட்டிருந்தால் எடுத்துவிடச் சொல். கட்டிலைக் காலியாகவும் வைத்திருக்காதே. வேறு ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிடு. கலகலவென்று பேசுகிற பெண்ணாகப் பார்த்துக் கொடு. ஷிப்ட் முடிந்து நீ வரும்போது சாப்பிட்டாயா என்று கேட்கிறவளாக இருக்கட்டும். நான் வந்திருந்தாலும் அதை நினைத்திருப்பேன், கேட்டிருக்க மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை எழுதியே அனுப்பு.

உன் தங்கை,
வேம்பு