நாற்பத்தொன்றாம் மனை

மார்ச் 4

தேநீருக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது சமையலறை ஜன்னலுக்கு வெளியே, பின்பக்க வெளியில், மண் தள்ளும் மஞ்சள் வண்டி ஒன்று நின்றது. நேற்று இல்லை.

"இவ்வளவு இடம் சும்மா கெடக்குதுன்னு யாரோ கண்டுபிடிச்சுட்டாங்க" என்றார் என் கணவர். பஸ் ஓட்டுகிறவர். நேரமாகிவிட்டது என்று நின்றபடியே குடித்துவிட்டு ஓடினார்.

ஒன்பது வருடமாகப் பார்க்கும் வெளி. மழை பெய்தால் நான்கு மாதம் குளம். மற்ற நாளில் வெடித்த சேறு, புல், முயல். இந்த முறையும் ஆள்காட்டிக் குருவி ஜோடி வெறுந்தரையில் நான்கு முட்டை இட்டிருக்கிறது. பார்த்தால் கூழாங்கல் என்றுதான் தோன்றும். தெரியாதவன் மிதித்துவிட்டுப் போய்விடுவான்.

யார் இதற்கு அனுமதி கொடுத்தது?

மார்ச் 5

வேலையில் மனம் ஒட்டவில்லை. வரைந்த மனைப்படத்தில் இரண்டு கோடு தப்பு.

மார்ச் 7

பலகை நட்டிருக்கிறார்கள். மனைப்பிரிவின் வரைபடம், 212 மனைகள். வலது கீழ் மூலையில் வரைந்தவரின் முதலெழுத்து.

என்னுடையது.

போன வருடம் வரைந்தது. சாலை வளைவு அழகாக வந்திருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டதுகூட ஞாபகம் இருக்கிறது. சொந்த வீட்டின் பின்பக்கத்தை எனக்கே தெரியாமல் கூறுபோட்டிருக்கிறேன்! எங்கள் அலுவலகத்துக்கு வரும் அளவுகளில் இடத்தின் பெயர் இருக்காது, சர்வே எண் மட்டும். நிலத்தின் நீளப்பக்கம் தாளின் நீளத்தோடு பொருந்தும்படி திருப்பி வைத்து வரைவோம். வடக்கு எங்கோ மூலைக்குப் போய்விடும். ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டு "கட்டடம்" என்று எழுதியிருக்கிறேன். அது நாங்கள் குடியிருக்கும் வீடு.

குளம் இல்லை. சர்வேயர்கள் கால் நனையாத மாதமாகப் பார்த்துத்தான் அளக்கப் போவார்கள். அன்று கண்ணில் பட்டதுதான் தாளுக்கு வரும். குளத்தின் நட்டநடுவே 41-ஆம் மனை.

மார்ச் 10

அவரிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். "ஊர்ல உள்ள நிலத்துக்கெல்லாம் படம் போடுற, சொந்த வீடு தெரியலையா?" பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, திருத்த முடியாதா?"

முடியும். கடைசி முத்திரை விழும்வரை வரைந்தவளே திருத்தக் குறிப்பு எழுதலாம். அது இன்னும் விழவில்லை, அதற்குள் வண்டியை இறக்கிவிட்டார்கள். பதினாறு வருடத்தில் எங்கள் அறையில் ஒருவரும் எழுதியதில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற வேலை. மே மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் வேறு என் பெயர்தான் முதலில் இருக்கிறது.

"உன் இஷ்டம்" என்றார். இதைவிட எரிச்சலூட்டும் பதில் உலகத்தில் உண்டா?

மார்ச் 13

எழுதவில்லை. பயமா, பதவி ஆசையா? இரண்டும்தான். எதுக்கு இன்னும் பூசி மெழுகணும்?

மார்ச் 17

எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ரப்பர். எதைக் காட்டினாலும் "அழிங்க" என்பார். குறிப்பை இரண்டு முறை படித்தார்.

"அளந்த அன்னிக்கு அங்க தண்ணி இருந்துச்சாம்மா?"

"இல்ல சார்."

"அப்புறம் எங்கேருந்து குளம் வந்துச்சு?"

"நான் அங்கதான் சார் குடியிருக்கேன்."

"அங்க குடியிருந்துகிட்டேவா இதை வரைஞ்சீங்க?"

சுருக்கென்றது.

மார்ச் 20

வண்டி பாதி வெளியைத் தாண்டிவிட்டது. வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போய் ஓட்டுநரிடம் கேட்டேன். "அண்ணே, அந்தப் பக்கம் மட்டும் பத்து நாள் விட்டுடுங்க. முட்டை இருக்கு."

இறங்கி வந்து குனிந்து தேடினார். "எங்கம்மா? கல்லுதானே கெடக்கு?" அதற்குள் குருவி அவர் மண்டைக்கு நேராகப் பாய்ந்தது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரிம்மா, அதைக் கடைசியா வச்சுக்கறேன்" என்றார். நல்ல மனுஷன்.

மார்ச் 24

குறிப்பு "பரிசீலனையில்" இருக்கிறதாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டாலே குமாஸ்தா தலையைக் குனிந்துகொள்கிறார்.

மார்ச் 27

முடிஞ்சு போச்சு.

வேலையிலிருந்து வந்து பார்த்தேன், எல்லாம் சமதரை. அந்த ஓட்டுநரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். புது ஆளுக்கு யார் சொல்வது? நான் சொல்லியிருக்கணும். தினமும் போய் நின்னு பாத்திருக்கணும். அலுவலகத்துல காகிதத்துக்குக் காவல் இருந்தேனே — அறிவிருக்கா எனக்கு?

குருவிகள் கத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகின்றன. "அம்மா, அதுங்க இன்னும் தேடுதும்மா" என்றாள் மகள். ஜன்னலைச் சாத்திவிட்டு அழுதேன்.

மார்ச் 29

கத்தல் நின்றுவிட்டது.

ஏப்ரல் 9

பதில் வந்தது. "மேற்படி இடத்தைப் பார்வையிட்டதில் நீர்நிலை எதுவும் காணப்படவில்லை." அடப்பாவிகளா, மண்ணைக் கொட்டி மூடிய பிறகு பார்த்தால் என்ன காணப்படும்?

மே 6

பதவி என் பக்கத்து மேசைக்காரிக்கு. பாவம், என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள். என்னை வெளியே போய் அளக்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "அவ்வளவு தெரியும்னா நீங்களே போய் அளந்துட்டு வாங்கம்மா" என்றார் ரப்பர்.

ஆகஸ்ட் 16

41-இல் அஸ்திவாரம். பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 11

ஆற்றுக்கு அக்கரையில் புது மனைப்பிரிவு. நான்தான் அளக்க வேண்டும். டேப் பிடிக்கும் பெரியவர் புலம்பித் தீர்த்துவிட்டார். "மழையில யாரும்மா அளப்பாங்க? மார்ச்சுல வந்தா செருப்புகூட நனையாது."

"அதனாலதான் இப்ப வந்திருக்கோம்" என்று சொல்லி இறங்கினேன். முதல் எட்டிலேயே சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று மணி நேரம் அளந்தோம். எத்தனையோ நீர்ப்பறவைகள், பாதிக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. வரைவு அறையில் என் பழைய மேசையைக் கேட்டு வாங்கி, நானே உட்கார்ந்து தாளில் ஏற்றினேன்.

ரப்பர் தாளை வெகுநேரம் பார்த்தார். பாதிக்கு மேல் நீலம்.

"இங்க மனையே போட முடியாதேம்மா?"

"முடியாது சார்" என்றேன்.