நாத்தனாரும் நானும் ஒரு வரித் திருத்தியும்

மார்ச் 4, செவ்வாய்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. நாத்தனார் இன்று மறுபடி வேலைக்குப் போனாள். பார்வை முழுதும் போன பிறகு இதுதான் முதல் நாள். இவர் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தங்கை வீட்டோடு இருக்கட்டும் என்பது இவர் கட்சி.

பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநருக்கு எந்த நாள், எந்த வண்டி என்று முறை போடுவது அவள் வேலை. அதற்கான நிரலை, கண் தெரிந்த காலத்திலேயே ஸ்கீம் என்ற கணினி மொழியில் அவளே எழுதி வைத்திருக்கிறாள். மேலாளர் இந்த மாதம் பார்ப்பாராம். ஏப்ரல் முறையை ஒழுங்காகப் போட்டால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆள்.

அவள் பயன்படுத்தும் ஸ்கீமைப் பராமரிக்கிற நாலைந்து பேரில் நானும் ஒருத்தி. சும்மா இருப்பேனா?

மார்ச் 9, ஞாயிறு

முடித்துவிட்டேன், வரித் திருத்தியை! இதுவரை எங்கள் ஸ்கீமில் வரி நடுவே ஒரு எழுத்து தப்பினால் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வர வேண்டும். இனி அம்பு விசையால் நேரே அங்கே போகலாம். முன்பு தட்டிய வரியைத் திரும்ப அழைக்கலாம். ஸ்கீமில் எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள்தான். திறந்ததை மூடாவிட்டால் அது வாயே திறக்காது. அதனால் ஒவ்வொன்றை மூடும்போதும் திரையில் மின்னும் குறி ஓடிப்போய், திறந்த இடத்தைக் காட்டிவிட்டு வருகிறது. சொற்களுக்கு நிறம் வேறு.

"அவளுக்கு எதுக்கு கலரு?" என்றார் இவர்.

"மத்தவங்களும்தானே பயன்படுத்தப் போறாங்க" என்றேன். எரிச்சலாக வந்தது.

திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற நிரல் ஒன்று நாத்தனாரின் காதில் பேசும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கு அண்ணி" என்றாள். அவ்வளவுதானா? ஒரு வாரம் உழைத்திருக்கிறேன், இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

அவள் தட்டுவது ரொம்ப மெதுவாக இருக்கிறது. முன்பெல்லாம் விரல் பொரிந்து தள்ளும். மறந்துவிட்டாளோ? — இவரிடம் மூச்சு விடவில்லை. விட்டால் அதையே பிடித்துக்கொள்வார்.

மார்ச் 15, சனி

நாற்காலியை நகர்த்தினேன். கால் ஒயரில் மாட்டி, அவள் ஹெட்போன் கழன்றுகொண்டது. காதில் கேட்டதெல்லாம் வெளியே கேட்டது.

அவள் ஓர் எழுத்து தட்டினால் அந்தக் குரல் முழு வரியையும் முதலிலிருந்து படிக்கிறது. அடுத்த எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து. நிறம் பூச நான் ஒவ்வொரு தடவையும் வரி முழுவதையும் புதிதாக எழுதுகிறேன் இல்லையா, அதை அது புது வரி என்று நினைத்துக்கொள்கிறது. அடைப்பை மூடியதும் குறி ஓடுகிறது, குரலும் பின்னாலேயே ஓடி அங்கிருப்பதைப் படித்து, திரும்பி வந்து இங்கிருப்பதைப் படிக்கிறது. சந்தைக்கடை.

"எப்பவும் இப்படித்தான் கேக்குதா?"

"ஆமா அண்ணி."

"ஏன் சொல்லல?"

"சோறு தண்ணி இல்லாம உக்காந்து பண்ணீங்க. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவள் கணினியிலிருந்து வரித் திருத்தியைப் பூராவும் எடுத்துவிட்டேன். பழையபடி வெறும் வரி. மனசு ஆறவில்லை. கோபம் யார் மேல்? உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அவள் மேலும்தான். இது என்ன நியாயம்?

மார்ச் 19, புதன்

நேற்று பதினேழாம் தட வண்டி ஓட்டுநர் இல்லாமல் பணிமனையிலேயே நின்றுவிட்டது. ஓர் ஓட்டுநருடைய விடுப்பை ஒரு நாள் தள்ளச் சொன்னார்களாம். முறையில் இரண்டு நாள் தள்ளியிருக்கிறது. நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் போனில் கிழி கிழியென்று கிழித்திருக்கிறார்கள்.

போன மாதம் வேறொரு குமாஸ்தா இதே தப்பைச் செய்தபோது அது கைத்தவறு. இவள் செய்தால் கண் தெரியாததால். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

"போதும்மா. எழுதிக் குடுத்துட்டு வந்துடு. நான் இல்லையா உனக்கு?" என்றார் இவர். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம்.

"ஒரு தடவதான் தட்டினேன் அண்ணா... இல்ல, ரெண்டு தடவ. மொத தடவ அது எடுத்துக்கல." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடுத்துக்கல — அப்படியென்றால்?

மார்ச் 20, வியாழன்

அவளோடு பணிமனைக்குப் போனேன். அவள் மேசையில் இருப்பது ஆதிகாலக் கணினி. ஸ்கீமைத் தொடங்கச் சொல்லி விசையைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. என் கணினியில் கண் மூடித் திறப்பதற்குள் எழுந்துவிடும். நான் அதில்தானே சோதித்தேன்!

"ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வரலாம் அண்ணி" என்றாள்.

எனக்குத் திரையில் சின்னக் கட்டம் மின்னுவது தெரிகிறது. அவளுக்கு வெறும் மௌனம். "செத்துருச்சா, எந்திரிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அந்த மௌனத்தில்தான் 'ஒரு நாள் தள்ளு' என்று தட்டியிருக்கிறாள். பதில் வராததால் மறுபடி தட்டியிருக்கிறாள். தூங்கி எழுந்த ஸ்கீம் இரண்டையும் சமர்த்தாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தள்ளிவிட்டது.

கண்ணால் வந்த தப்பில்லை. எங்களால் வந்தது. மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். "சரி, பாக்கலாம்" என்றார்.

மார்ச் 22, சனி

ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் எங்கள் ஸ்கீம் தன் நூலகங்களை, அதாவது துணை நிரல்கள் அத்தனையையும், ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் ஏற்றி முடித்த நிலையை அப்படியே ஒரே கோப்பாகச் சேமித்துவிட்டேன். அதைத் தூக்கினால் போதும். எழுந்ததும் 'தயார்' என்று எழுதும். அதற்கு முன் தட்டியது எதுவும் செல்லாது.

பணிமனைக்குப் போய்ப் போட்டுக் கொடுத்தேன். "விரலக்கூட எடுக்கல, அதுக்குள்ள தயாருங்குது!" மறுபடி மூடினாள், திறந்தாள், மூடினாள். விளையாட்டுச் சாமான் மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச் 25, செவ்வாய்

அம்பு விசையும் பழைய வரியும் அவளுக்கும் வேண்டுமாம். "ஆனா வரிய திரும்பத் திரும்பப் படிக்க வேணாம் அண்ணி. தாண்டின எழுத்த மட்டும் சொல்லட்டும். அடைப்ப மூடினா, இன்னும் எத்தன திறந்திருக்குன்னு சொன்னா போதும்."

"எழுதித் தர்றேன்."

"நான் எழுதிட்டேன். பாத்துட்டு சேத்துக்குங்க."

நான் எழுதியதில் பாதி நீளம்கூட இல்லை. தேடித் தேடி ஒரே ஒரு குறை கண்டுபிடித்தேன். நாத்தனாரிடம் குறை காணாவிட்டால் நான் என்ன அண்ணி?

மார்ச் 28, வெள்ளி

ஏப்ரல் முறையைப் பணிமனைப் பலகையில் ஒட்டியாயிற்று. இவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வெயில். துணி சீக்கிரமே காய்ந்துவிட்டது. நாத்தனார் இப்போதெல்லாம் வீட்டில் ஹெட்போன் போடுவதில்லை. அந்தக் குரலை எவ்வளவு வேகமாக ஓட விட்டிருக்கிறாள் என்றால் எங்களுக்கு ஒரு சொல் பிடிபடாது.

பத்து மணிக்கு இவர் போன் அடித்தது. மேலாளர். மே முறையில் ஏதோ சந்தேகமாம், அவள் போன் அணைந்திருக்கிறதாம். இவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, "உன் ஆபீஸ்ல. என்ன சொல்ல?" என்றார்.

"லீவுன்னு சொல்லுங்க அண்ணா. நாளைக்கு வந்து பாக்குறேன்."

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம் இன்னிக்கு லீவுங்க" என்றார்.