மண்ணிறப் பம்பு

நவம்பர் 12, செவ்வாய். தெமோதரை.

மகள் செல்வி மூச்சிழுப்பு வந்து பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கா. டொக்டரம்மா விளக்கினாங்க: வாயில் வச்சு இழுக்கிற மருந்துப் பம்பு ரெண்டில், நீலப் பம்பு அடைச்ச மூச்சுக்குழாயை அப்போதைக்குத் திறக்குமாம். மண்ணிறப் பம்புதான் உள்ளே இருக்கிற வீக்கத்தை மெல்லக் குறைக்குமாம். நல்லா இருக்கிற நாளிலும் அதை இழுக்கணுமாம். பிள்ளை நல்லாத்தானே இருக்கு என்று அதை நிறுத்தினது எட்டாம் வகுப்புப் படிச்ச இந்த டொக்டர், நான்தான். காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டில் நாலு பேர்கிட்டப் பெருமையாவும் சொன்னேன்.

"யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டொக்டரம்மா கேட்டாங்க.

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள செல்வி முந்திக்கிட்டா. "நான்தான் மறந்துட்டேன் டொக்டர்."

அவளுக்கு நல்லா ஏச்சு விழுந்துச்சு. நான் பக்கத்தில் தலையாட்டிக்கிட்டு நின்னேன்.

அவங்க போனதும் மாஸ்க்கை விலக்கி, "உங்கள ஏசினா எனக்குத் தாங்காதுப்பா" என்றா.

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூணு மூச்சு வேண்டியிருந்துச்சு.