மேல் இடது மூலை

சின்னாளப்பட்டி,
9.6.2025

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

மச்சான் என்று எழுத இன்றைக்கு மனசு வரவில்லை. வைகறைக் கால்பந்துக் கழகத்துக்குப் பதினாறு வருஷம் கோல்கீப்பராக நின்ற ஆனந்த்ராஜ் எழுதிக்கொள்வது. புது சீசனுக்கான இருபது பேர் பட்டியலை மைதானத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். மேலிருந்து கீழே ரெண்டு தடவை படித்தேன். கீப்பர் இடத்தில் வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கிற விக்னேஷ்குமார் பெயர் இருக்கிறது. என் பெயர் மாற்று ஆட்டக்காரர்களில்கூட இல்லை.

பி டிவிஷனுக்கு இறங்கிவிட்டோம், டீமைப் புதுசாகக் கட்டணும் என்றீர்கள். கட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? அதற்காக இத்தனை வருஷம் போஸ்டைக் காத்தவனைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்துப் போடுவதா? பக்கத்தில் நின்ற ஜெகபர் அலி, "என்னண்ணே, ஒங்க மச்சானே ஒங்களைக் கழட்டி விட்டுட்டாரா?" என்று கேட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெற்றிமுரசு கழகம் என்னைக் கூப்பிடுகிறது. நீங்கள் ரிலீஸ் லெட்டரில் கையெழுத்துப் போட்டால்தான் நான் அங்கே ஆட முடியும். உங்கள் தங்கச்சி வினோலியாவிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
ச. ஆனந்த்ராஜ், கோல்கீப்பர்

திண்டுக்கல்,
11.6.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

செயலாளருக்கு வந்த கடிதத்துக்கு மச்சான்தான் பதில் எழுதுகிறேன். ஃபோன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. தபால் சுமக்கவா என் தங்கச்சியை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தேன்? சாப்பாட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டி, "ரெண்டு பேரும் எப்பத்தான் பெரிய மனுசனாகப் போறீக?" என்று கேட்டுவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள் வினோ.

நான் கையெழுத்துப் போடமாட்டேன். போன வருஷம் கோல்போஸ்டில் மோதினதிலிருந்து உங்கள் இடது கை தோளுக்கு மேலே ஏறுவதில்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிட் பையை அடுக்கும்போது உங்கள் கையுறையைப் பார்த்தேன். வலது உள்ளங்கை தேய்ந்து நூல் தெரிகிறது. இடது, கடையில் வாங்கினபடியே பளபளவென்று இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை.

இதை நேரில் சொல்லியிருக்கணும். தைரியம் வரவில்லை. சுவரில் ஒட்டினது என் தப்புதான். ஆனால் அந்தக் கையோடு நீங்கள் இன்னொரு தடவை விழுந்து, நிரந்தரமாக முடங்கிப்போனால் என் தங்கச்சி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பிட வாருங்கள்.

உங்கள் மச்சான்,
ராயப்பராஜ்

சின்னாளப்பட்டி,
13.6.2025

செயலாளருக்கு,

என் கை என் தோளில்தான் இருக்கிறது. தைலம் தேய்த்தால் சரியாகிவிடும். எனக்கு இன்னும் ஒரே ஒரு சீசன் போதும். டீமை பி டிவிஷனுக்கு இறக்கிவிட்ட கீப்பர் என்ற பேரோடு என்னால் வீட்டில் உட்கார முடியாது. அவ்வளவுதான் விஷயம்.

லெட்டர் வரும்வரை உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன். என் பங்குக் கறியையும் நீங்களே சாப்பிடுங்கள்.

ச. ஆனந்த்ராஜ், கோல்கீப்பர்

திண்டுக்கல்,
16.6.2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நேற்று நீங்கள் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் கேட்ட ரிலீஸ் லெட்டரைக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் பிடிவாதம் ஜெயித்துவிட்டது.

லீக் அட்டவணை வந்துவிட்டது. ஜூலை ஆறாம் தேதி முதல் ஆட்டமே வைகறையும் வெற்றிமுரசும்தான். அதனால் நம் பையன்களை உட்கார வைத்து ஒன்று சொல்லியிருக்கிறேன். "ஏலே, எங்க மாப்ள நிக்கிற கோலுல, அவரு இடது கைப்பக்கம் ஒசரமா ஒருத்தனும் அடிக்கக் கூடாது. அடிச்சா டீம்ல இருக்க மாட்டான்." எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் பயமில்லாமல் ஆடுங்கள்.

உங்கள் மச்சான்,
ராயப்பராஜ்

சின்னாளப்பட்டி,
19.6.2025

அன்பு மச்சானுக்கு,

லெட்டரைப் பார்த்ததும் குதிக்காத குறைதான். அப்புறம் கீழே நீங்கள் எழுதினதைப் படித்தேன். அடப் போங்க மச்சான்! பதினாறு வருஷத்தில் எனக்கு எதிரே நின்ற ஒருத்தனும் பாவம் பார்த்து அடித்ததில்லை. ஒரு பெனால்டியில் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியதே, அன்றைக்குக்கூட எனக்குச் சந்தோஷம்தான். இனி நம் பையன்கள் தோதாக வலது பக்கம் அடிப்பார்கள், நான் பிடிப்பேன், ஊரே கைதட்டும். அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

வினோவிடம் படித்துக் காட்டினேன். அவள் சட்டையை எடுத்து வந்து இடது கையை எனக்கு மாட்டிவிட்டாள். ஒரு வருஷமாக அவள்தான் மாட்டிவிடுகிறாள். உங்களிடம் மூச்சுவிடவில்லை பாருங்கள். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவளே டீ போட்டாள்.

ரிலீஸ் லெட்டரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாரேன், எலும்புக்கறி எனக்கு எடுத்து வையுங்கள்.

பையன்களிடம் மட்டும் பேச்சை மாற்றிச் சொல்லிவிடுங்கள். மேல் இடது மூலையில் தாராளமாக அடிக்கட்டும். அங்கே நான் இல்லை.

உங்கள் மாப்பிள்ளை,
ஆனந்த்ராஜ்