உப்பைக் குறைத்த கை

அன்புள்ள அப்பாவுக்கு,

டயாலிசிஸ் ஊசி குத்திய கையில் வீக்கம் வடிந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நலம், முன்பல் ஒன்றுதான் போய்விட்டது. பதறாதீர்கள்.

இங்கே நான் வேலை பார்க்கும் டயாலிசிஸ் வார்டில் ஒரு பெரியவருக்கு இரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மெஷினின் வழக்கமான அளவு அதை மளமளவென்று ஏற்றிவிடும்; அப்படி ஏறினால் மூளை கெட்டுவிடும். அதனால் டாக்டர் சொன்னபடி டயாலிசிஸ் மெஷினில் ஓடும் திரவத்தில் உப்பைக் குறைத்து வைத்தேன். பக்கத்தில் நின்ற அவர் மகன் அதைப் பார்த்துவிட்டான்.

“உப்பு இல்லாமத்தான் எங்கப்பா சாகக் கிடக்காரு, நீ இன்னும் குறைக்கிறியாடி?” என்று இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி என் வாயிலேயே அடித்தான். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். குழாய் பிடுங்கிக்கொண்டால் இரத்தம் பீறிடும் என்று பெரியவரின் கையை மட்டும் நான் விடவில்லை. காவலாளிகள் அவனை மிதித்து இழுத்துப் போனார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார்.

புகார் எழுதித் தரச் சொல்கிறார்கள். பேனாவை எடுத்தால் உங்களுக்குத்தான் எழுத வருகிறது.

அங்கே உங்கள் மெஷினில் என்ன கலவை வைக்கிறார்கள் என்று நர்ஸிடம் கேட்டு எழுதுங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள். வார்டில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

அவன்மேல் கோபம் இல்லாமல் இல்லை, அப்பா. ஆனால் தன் அப்பாவுக்காக அடிக்கவாவது அவன் அவர் பக்கத்தில் நின்றான்; நான் இங்கே இருக்கிறேன்.

உங்கள் மகள்