சிவப்பு நூலுக்கு மேலே வெட்டினேன்

என் வசந்தாவுக்கு,

ஜெயித்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் வாய் நிற்காது. டவுன்ஷிப் மலர்க் காட்சியில், போன்சாய் பிரிவில், உன் ஆனைப்புளி மரத்துக்கு முதல் பரிசு. கோமதியின் ஆலமரம் இரண்டாவது. ஆமாம், எதிர் பிளாக் கோமதிதான். உன் ஆயுசில் ஒருமுறைகூட உன்னால் ஜெயிக்க முடியாத அதே கோமதி. கேட்கிறதா உனக்கு?

உன் மற்ற தொட்டிகளுக்கு ஒரு குறையும் இல்லை. பாலைவன ரோஜா தன்பாட்டுக்குப் பூத்துக் கொட்டுகிறது. அதற்கு நீயும் வேண்டாம், நானும் வேண்டாம். என்னைப் படுத்தி எடுத்தது ஆனைப்புளிதான். ராமநாதபுரத்தில் உன் அக்கா வீட்டுப் பக்கம் பொறுக்கிவந்த விதை. ஆப்பிரிக்கா மரம் நம்ம மண்ணுக்கு எதுக்குக்கா என்று கோமதி கேட்டபோது, இந்த டவுன்ஷிப்பில் யார்தான் இந்த மண்ணில் பிறந்தவர், எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தானே என்று அவள் வாயை அடைத்தாயே, நினைவிருக்கிறதா? பக்கத்துக் குறிஞ்சிப்பாடியிலேயே பிறந்த அவளுக்கு அன்று முகம் சுருங்கிப்போனது.

நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அதன் தண்டில் ஒரு சிவப்பு நூல் கட்டினாய். உடம்பு தேற வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டுகிறாய் என நான் நினைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவும் இல்லை. நீ திரும்பி வராமலே போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அந்த நூலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். சிரிக்காதே. வேறு என்ன இருந்தது எனக்கு?

மரம் மட்டும் நெட்டுக்குத்தாக மேலே போய்க்கொண்டே இருந்தது. கிளையும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ கை வைத்த மரமாயிற்றே, அதில் ஒரு நுனியைக் கிள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. பங்குனியில் ஒரு நாள் கோமதி வந்தாள். இலையெல்லாம் கொட்டிப்போய் நின்ற மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இத இப்படியே வச்சிகினு இருந்தீங்கன்னா இது மரம் இல்லண்ணே, கொடிக்கம்பம். தலைய வெட்டணும். அப்பதான் பக்கக் கிளை வரும்."

எனக்கு வந்ததே கோபம். அக்காவை ஜெயித்தது போதாதென்று அவள் மரத்தையும் சாகடிக்க வந்தாயா என்று அவளைக் கேட்டுவிட்டேன். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"அந்த நூலு வேண்டுதல் இல்லண்ணே. வெட்டுற அளவு. என்னியப் பக்கத்துல வச்சிகினுதான் அக்கா கட்டிச்சு. ஒரு கம்ப ஜெயிச்சு எனக்கென்ன பெருமை?"

வெட்ட வேண்டிய இடத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறேன் பார். இந்தக் கூத்தை நீ பார்த்திருந்தால் டவுன்ஷிப் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய். நான் அழுதேன், வசந்தா. அதை வெட்டினால் நீ இன்னொரு தடவை போய்விடுவாயோ என்று இருந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து மந்தாரக்குப்பம் போய் மெல்லிய பல் வைத்த ரம்பம் ஒன்று வாங்கிவந்தேன். நிலக்கரி மைன்ஸில் ராட்சத மெஷினை வைத்துக்கொண்டு மலை மலையாக மண்ணை வாரித் தள்ளுகிறவன் நான். ஒரு சாண் நீள ரம்பத்தைப் பிடிக்க முடியாமல் கை உதறியது. கோமதி பக்கத்தில் நின்றாள், ஆனால் தொடவில்லை. நீங்கள்தான் வெட்ட வேண்டும் என்றுவிட்டாள். நூலுக்கு ஒரு நூலிழை மேலே வைத்து அறுத்தேன். உள்ளே முள்ளங்கி மாதிரி வெள்ளையாக, ஈரமாக இருந்தது. வெட்டின வாயில் மஞ்சளை அப்பினேன். துளிர்க்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது, அழுகிவிடும் என்று கோமதி கண்டிப்பாகச் சொன்னாள். குழாயைத் திறந்தால் கொட்டுகிற ஊரில் ஒரு மரத்தைக் காயப்போட்டுவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

சித்திரையும் பாதி போனது. மொட்டைத் தண்டு அசையவில்லை. கொன்றுவிட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன். பிறகு ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்க்கிறேன், வெட்டுவாயைச் சுற்றிப் பச்சைப் பச்சையாக முண்டு முண்டாகக் கிளம்பியிருக்கிறது. வாயில் நுரையோடு தெருவைத் தாண்டி ஓடிக் கோமதி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவளும் ஓடிவந்தாள். வந்து பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

தை மாதம் காட்சிக்குக் கொண்டுபோனபோது மரம் மறுபடியும் இலை உதிர்த்திருந்தது. பட்டுப்போனதை எதற்குத் தூக்கி வந்தீர்கள் என்று அங்கிருந்தவர்கள் கேட்டார்கள். நான் தொட்டியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். நடுவராக வந்திருந்த அம்மா அதன் முன்னால் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பானை வயிறு போல் அடி, மேலே நாலாபுறமும் விரிந்த கிளைகள். இலை இல்லாததால்தான் மரத்தின் முழு அழகும் தெரிகிறது என்றார். வளர்த்தது யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். வெட்டியது யார் என்றார். சத்தமாகவே சொன்னேன், "நான்."

கோமதி பக்கத்தில் வந்து, "நான் வாய மூடிகினு இருந்திருக்கணும்ண்ணே" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

போகும்போது அந்த அம்மா ஒன்று சொன்னார். இடதுபக்கக் கிளை நீண்டுவிட்டது, இந்தப் பங்குனியில் குறைக்க வேண்டுமாம். எந்த இடத்தில் வெட்டுவது என்று கேட்டேன். உங்களுக்கே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கிளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோமதியிடமும் கேட்கப்போவதில்லை. நானே பார்த்து, நானே வெட்டுவேன். கை உதறும்தான். உதறிக்கொண்டே வெட்டுவேன், வசந்தா.

என்றும் உன் வீட்டுக்காரன்,
கலியமூர்த்தி