பதினேழாம் எண்காரனின் இடது கை

அன்புள்ள பியாட்ரிஸ்,

கூலாய் பஸ் நிலையத்தில் நீ சிங்கப்பூர் பஸ் ஏறியதும் வீட்டுக்கு வந்து வேலைக்கு உட்கார்ந்தேன். அமெரிக்கக் கல்லூரிகளின் 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்ட வீடியோவைப் பார்த்து, பந்தெறியும் குவார்ட்டர்பேக்குகளில் யாரைத் தொழில்முறை அணி எடுக்கலாம் என்று புள்ளி போடும் அதே வேலைதான்.

பதினேழாம் எண்காரன் அருமையாக எறிகிறான். ஆனால் சும்மா தொங்கும்போது அவன் இடது கை நடுங்குகிறது. இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். அதை எழுதினால் அவனை யாரும் எடுக்கமாட்டார்கள். எழுதாவிட்டால் யாரும் டாக்டரிடம் அனுப்பமாட்டார்கள்.

எழுதிவிட்டேன்.

நேற்று மாதா கோவில் பூசையில், மடியில் கிடந்த உன் இடது கையும் அப்படித்தான் நடுங்கியது. நான் கவனிப்பதைப் பார்த்து, "ஒன்னும் இல்ல லா, ஏர்கோன் குளிருது" என்றாய். நானும் தலையாட்டினேன்.

நம் கோவிலில் ஏசியே கிடையாது, மின்விசிறி மட்டும்தான் இருக்கிறது, பியாட்ரிஸ்.

உன் வீட்டுக்காரன்